மூன்றடி பின்னால்

வெள்ளிக்கிழமை மதியம் தெவோரா ரபியின் வீட்டுக்கு வந்தாள். கண்ணாடி பதிப்பவன் ஆன்ஷெலின் மனைவி. அந்த ஊரின் பாதி ஜன்னல்களுக்கு அவள் கணவன்தான் கண்ணாடி போட்டவன். காலணியில் ஒட்டிய பனியைத் தட்டாமல் நேரே உள்ளே வந்து கேட்டாள்.

“ரபி, நாளைக்கு நான் வாசிப்பை நிறுத்தலாமா?”

ஊரின் யூதக் குருவான ரபி மெனாஷேயின் முன்னால் ஒரு கோழி கிடந்தது. அதன் இரைப்பையில் ஒரு ஆணி இருந்ததாம். வேதச் சட்டப்படி அதைச் சமைக்கலாமா, தூக்கி எறிய வேண்டுமா என்று கேட்டு யாரோ ஒருத்தி அனுப்பியிருந்தாள். ஆணி சதையைத் துளைத்திருக்கிறதா என்று அவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நிறுத்தலாம்,” என்றார்.

“பெண்கள் மாடியிலிருந்தா?”

“குரல் கீழே வந்தால் போதும்.”

“வரும்,” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மேசையின் மறுமுனையில் சீடன் அஸ்ரியேல் உட்கார்ந்திருந்தான். நாற்பத்திரண்டு வயது. முன்பு பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவன். ஆறு வருஷமாக ரபியிடம் சட்டம் படிக்கிறான். நல்ல குரல் இருந்ததால் ஜெப ஆலயத்தில் ஜெபத்தை நடத்துவதும் அவன்தான். அவன் கையிலிருந்த புத்தகம் மூடிக்கொண்டது.

அந்த ஊரில் பழைய வழக்கம் ஒன்று உண்டு. அநியாயம் நடந்து, கேட்க நாதியில்லை என்றால், ஓய்வுநாளான சனிக்கிழமை காலையில் வேதச் சுருளை வெளியே எடுக்கும் நேரத்தில் யார் வேண்டுமானாலும் எழுந்து ‘நிறுத்துகிறேன்’ என்று சொல்லலாம். அந்தக் குறைக்குச் சபை பதில் சொல்லும் வரை வாசிப்பு நடக்காது. பணக்காரனும் காத்திருக்க வேண்டும், சபைத் தலைவரும் காத்திருக்க வேண்டும். பதினொரு வருஷமாக யாரும் நிறுத்தவில்லை. அநியாயம் நடக்கவில்லை என்பது காரணம் அல்ல.

அந்த வருஷம் சக்கரவர்த்தியின் ராணுவத்துக்கு ஊர் நாலு பேரைக் கொடுக்க வேண்டும். கொடுத்தால் இருபத்தைந்து வருஷம். திரும்பி வந்தவனை அந்த ஊர் பார்த்ததில்லை. யாரைக் கொடுப்பது என்ற பட்டியலை அதிகாரிகள் எழுதுவதில்லை. சபைத் தலைவர்தான் எழுதுவார். தலைவர் செல்மான் மர வியாபாரி. அவருக்கு மூன்று மகன்கள். ஒரே மகனை எடுப்பதில்லை என்பது சட்டம். ஆன்ஷெல் அவன் தாய்க்கு ஒரே மகன். ஆனாலும் பட்டியலில் நாலாவது பெயர் அவனுடையது. செவ்வாய்க்கிழமையே பிடித்துக் குளியல் கூடத்தின் பின்னறையில் அடைத்துவிட்டார்கள். ஞாயிறு காலை வண்டி வருகிறது.

“ரபி,” என்றான் அஸ்ரியேல். “நாளை மாலை உங்கள் பதவி ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதற்கான கூட்டம்.”

“ஞாபகம் இருக்கிறது.”

“ஒரு வாரம் பொறுக்கச் சொல்லியிருக்கலாமே.”

“ஞாயிற்றுக்கிழமை வண்டி வருகிறது.”

“‘யோசித்துச் சொல்கிறேன்’ என்றாவது சொல்லியிருக்கலாம்.”

“யோசிக்க என்ன இருக்கிறது? கேட்டாள். சொன்னேன். கோழிக்கும் அப்படித்தான் சொல்கிறேன்.”

“கோழியும் இதுவும் ஒன்றா, ரபி?”

ரபி இரைப்பையைத் துணியில் சுற்றிக் கோழியோடு சேர்த்து அவனிடம் நீட்டினார்.

“துளைக்கவில்லை. சமைக்கலாம். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். சூரியன் இறங்கினால் ஓய்வுநாள், அடுப்பு மூட்ட முடியாது. அதற்குள் கொண்டுபோய்க் கொடு.”

கோழியைக் கொடுத்துவிட்டுத் திரும்பும் வழியில்தான் செல்மானின் வீடு. அஸ்ரியேல் அந்த வாசலை இரண்டு தடவை கடந்து போனான். மூன்றாவது தடவை உள்ளே போனான். அவன் கெடுதல் நினைத்துப் போகவில்லை. சபை நடுவில் வெடிக்கப் போவதை ஒரு வீட்டுக்குள் நாலு வார்த்தையில் முடித்துவிடலாம், ஆன்ஷெலும் வெளியே வருவான், ரபிக்கும் வேலை நிலைக்கும் என்று நினைத்தான். படித்தவர்களுக்கு இப்படித் தோன்றுவது உண்டு.

செல்மான் ஓய்வுநாளுக்காக நகம் வெட்டிக்கொண்டிருந்தார். வெட்டிய நகங்களை ஒரு தாளில் சேர்த்து அடுப்பில் போட்டுவிட்டுத்தான் தலையை நிமிர்த்தினார்.

“சொல்லுங்கள், வாத்தியாரே.”

அஸ்ரியேல் சொன்னான்.

“நாளைக்கேவா?”

“நாளைக்கேதான், ஐயா. அவள் சொல்லாமல் இருக்க மாட்டாள். அதற்குள் நீங்களே அந்தப் பெயரை...”

“நல்ல காரியம் செய்தீர்கள். திங்கட்கிழமை அவளை என்னிடம் வரச் சொல்லுங்கள்.”

“ஞாயிற்றுக்கிழமை வண்டி வந்துவிடுமே, ஐயா.”

“நான் பார்த்துக்கொள்கிறேன்.”

“ரபிக்கு ஒன்றும் வராதே?”

“அவருக்கு என்ன வரப்போகிறது? அவர் ஜெபிக்கட்டும். நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேனே.”

அந்த வார்த்தையை அஸ்ரியேல் ஒரு வாக்குறுதியாக வீட்டுக்கு எடுத்துப் போனான்.

மறுநாள் காலை ஜெப ஆலயத்தின் முற்றத்தில் பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். முப்பது பேர் இருக்கும். பலர் கையில் குழந்தை. பெண்கள் ஜெபிக்கும் மாடிக்குப் போகும் படிக்கட்டு வெளியில், முற்றத்தின் பக்கம் இருக்கிறது. அதன் அடிக்கதவு பூட்டியிருந்தது. ஓய்வுநாளில் அந்தக் கதவைப் பூட்டி யாரும் பார்த்ததில்லை.

சாவி செல்மானின் இடுப்பில் தொங்கியது. ஓய்வுநாளில் எதையும் கையில் சுமந்து நடக்கக் கூடாது. உடுத்தியது சுமை ஆகாது. அதனால் சாவி வைத்திருப்பவர்கள் அதைக் கச்சையின் கொக்கியாக மாட்டி இடுப்பில் கட்டிக்கொள்வார்கள். சட்டத்தை மீறாமல் சாவியோடு நடக்க அது ஒரு வழி.

அஸ்ரியேல் அவரிடம் போனான்.

“ஐயா, பெண்கள் வெளியே நிற்கிறார்கள்.”

“படியில் பனி உறைந்திருக்கிறது. யாராவது வழுக்கி விழுந்தால் யார் பதில் சொல்வது?”

“நீங்கள் பார்த்துக்கொள்கிறேன் என்றீர்களே.”

“பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன்,” என்றார் செல்மான். “உங்கள் இடத்துக்குப் போங்கள். நேரமாகிறது.”

ரபி முற்றத்தின் வழியாக வந்தார். தெவோரா அவர் முன்னால் வந்து, “பூட்டியிருக்கிறது, ரபி,” என்றாள். ரபி கதவைப் பார்த்தார். உள்ளே வந்தார். கிழக்குச் சுவரின் ஓரத்தில் தன் இடத்தில் நின்றார். அஸ்ரியேலின் பக்கம் திரும்பவில்லை. திரும்பிப் பார்த்திருந்தால் தேவலை என்று அவனுக்கு இருந்தது.

ஜெபம் தொடங்கியது. நின்று சொல்லும் ஜெபம் வந்தது. அதை ஒவ்வொருவரும் கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு, வாய்க்குள் சொல்லிக்கொள்ள வேண்டும். முடித்தவர் மூன்றடி பின்னால் எடுத்து வைப்பார். எல்லோரும் முடித்ததும் ஜெபத்தை நடத்துபவர் அதையே உரக்கச் சொல்வார். அதற்குப் பிறகுதான் வேதச் சுருள் வெளியே வரும். ஆனால் ரபி மூன்றடி பின்னால் வைக்கும் வரை நடத்துபவர் வாயைத் திறக்க மாட்டார். அது சட்டம் இல்லை, மரியாதை. அந்த ஆலயம் கட்டிய நாளிலிருந்து யாரும் அதை மீறியதில்லை.

அஸ்ரியேல் முடித்து மூன்றடி வைத்தான். செல்மான் வைத்தார். செருப்புத் தைக்கும் புரோயிம் எப்போதும் கடைசியில்தான் முடிப்பான். அவனும் வைத்துவிட்டான்.

ரபி நின்றுகொண்டிருந்தார்.

வழக்கமாக அவருக்கு இன்னும் கொஞ்ச நேரம் பிடிக்கும். எல்லோரும் காத்திருந்தார்கள். அந்தக் கொஞ்ச நேரம் போனது. ஒருவர் இருமினார். இன்னொருவர் அதற்குப் பதில் இருமினார்.

ரபி நின்றுகொண்டிருந்தார்.

அந்த ஜெபத்தில் நிற்பவரிடம் யாரும் பேசக் கூடாது. அவர் முன்னால் குறுக்கே நடக்கக் கூடாது. காலில் பாம்பு சுற்றினாலும் அவர் அசையக் கூடாது என்பது சட்டம்.

அரை மணி நேரம் ஆனது. அடுப்பு தணிந்துகொண்டிருந்தது. ஓய்வுநாளில் அதில் விறகு போடக் கூடாது. பின்வரிசையில் குசுகுசுப்பு கேட்டது.

“இன்றைக்கு ரபிக்குப் பாவம் ஜாஸ்தி போலிருக்கிறது.”

“அவர் பாவம் அஞ்சு நிமிஷத்தில் முடிந்திருக்கும்,” என்றான் புரோயிம். “நம்முடையதைச் சொல்கிறார். பட்டியல் நீளம்.”

‘பட்டியல்’ என்ற வார்த்தை வந்ததும் யாரும் சிரிக்கவில்லை. பாதிப் பேர் செல்மானைப் பார்த்தார்கள். மீதிப் பேர் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார்கள்.

அஸ்ரியேல் ரபியின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தான். வலது முழங்கால் சரியில்லாதது என்று அவனுக்குத் தெரியும். பிடரியில் வியர்வை கோத்திருந்தது. உதடுகள் அசைகின்றனவா என்று பார்த்தான். தாடிக்குள் ஒன்றும் தெரியவில்லை. இந்த மனிதர் இப்படியே விழுந்துவிட்டால் என்ன செய்வது என்று நினைத்தான். விழாமல் நின்றுகொண்டே இருந்தால் என்ன செய்வது என்று நினைத்தபோது அதைவிடப் பயமாக இருந்தது.

ஒரு மணி நேரம் ஆனது. ஒரு கிழவர் உட்கார்ந்தார். அவரைப் பார்த்து இன்னும் நாலு பேர் உட்கார்ந்தார்கள். இரட்டை ஜன்னலுக்கு அப்பால் முற்றத்தில் ஒரு குழந்தை அழுதது. பெண்கள் போகவில்லை.

செல்மான் மெதுவாக நடந்து அஸ்ரியேலின் பக்கத்தில் வந்து நின்றார்.

“ஆரம்பியுங்கள்.”

“ரபி இன்னும் முடிக்கவில்லை, ஐயா.”

“அவர் எப்போதோ முடித்துவிட்டார். எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும்.”

“எனக்குத் தெரியாது, ஐயா.”

“உங்களுக்கு வாய் இருக்கிறது, புத்தகம் இருக்கிறது. முதல் வார்த்தையைச் சொல்லுங்கள், சபை பின்னால் வரும். இவர்களுக்குப் பசி.” குரலைத் தாழ்த்தினார். “இன்று மாலை கூட்டம். நாங்கள் வேறு ரபி பார்க்க வேண்டியிருக்கும். வெளியூரில் போய்த் தேட வேண்டாம் என்று நினைக்கிறேன். புரிகிறதா?”

புரிந்தது. அஸ்ரியேல் புத்தகத்தைப் பார்த்தான். முதல் வார்த்தை அங்கேயே இருந்தது. அதைச் சொன்னால் அறுபது பேரும் பெருமூச்சு விட்டுச் சேர்ந்துகொள்வார்கள். பிறகு ரபி நிற்பது அவர் சொந்த விஷயம். வேதச் சுருள் வெளியே வரும், வாசிப்பு நடக்கும், மாடி காலியாக இருக்கும். நாளைக் காலை வண்டி வரும். அவன் வாயைத் திறந்தான்.

“சாவியைக் கொடுங்கள்,” என்றான்.

“என்ன?”

“மாடிச் சாவி.”

செல்மான் அவன் முகத்தை உற்றுப் பார்த்தார்.

“கொடுத்தால் அவர் முடிப்பாரா?”

“தெரியாது.”

“நீங்கள் சொன்னால் கேட்பாரா?”

“நான் அவரிடம் பேசக் கூடாது, ஐயா. யாருமே பேசக் கூடாது. சாவியைக் கொடுங்கள்.”

“கொடுங்கள், ஐயா,” என்றான் புரோயிம் பின்னாலிருந்து. “வீட்டில் சாப்பாடு காய்ந்துபோய்க்கொண்டிருக்கிறது.”

சாவிதான் கொக்கி. அதை மட்டும் கழற்றிக் கொடுத்தால் அது கையில் எடுத்த சுமை ஆகிவிடும். முற்றத்தைத் தாண்ட முடியாது. ஆகவே சபைத் தலைவர் சபை நடுவில் தன் கச்சையை அவிழ்க்க வேண்டியிருந்தது. அவிழ்த்தார். மேலங்கி விலகாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றார். அஸ்ரியேல் அந்தக் கச்சையைத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டு வெளியே போனான்.

பெண்கள் வழி விட்டார்கள். இடுப்பைக் கதவோடு ஒட்டிக் குனிந்து நின்று பூட்டில் சாவியைத் திருப்பினான். இரண்டு தடவை தவறியது. தெவோரா பக்கத்தில் நின்று அந்தக் கச்சையைப் பார்த்தாள்.

“யார் போய்ச் சொன்னது என்று நான் கேட்கவில்லை,” என்றாள்.

அவன் கதவைத் தள்ளித் திறந்தான்.

“உங்களுக்கு அளவாகத்தான் இருக்கிறது, வாத்தியாரே,” என்று சொல்லிவிட்டு முதல் ஆளாகப் படியேறினாள். படியில் பனி இல்லை.

கீழே நின்றவர்களுக்குத் தலைக்கு மேல் முப்பது ஜோடிக் காலடி கேட்டது. அது அடங்கியது. ரபி இடது பக்கம் குனிந்தார், வலது பக்கம் குனிந்தார், மூன்றடி பின்னால் வைத்தார். மூன்றாவது அடிக்கு வெகு நேரம் ஆனது.

அஸ்ரியேல் ஜெபத்தை உரக்கச் சொன்னான். குரல் நன்றாக இல்லை. வேதச் சுருளை எடுக்கப் பேழையின் திரையை விலக்கினார்கள். மேலே கைப்பிடிச் சட்டத்தில் ஒரு உள்ளங்கை ஓங்கி அடித்தது.

“நான் நிறுத்துகிறேன். ஆன்ஷெல் அவன் தாய்க்கு ஒரே மகன். ஒரே மகனை எடுப்பதில்லை என்பது சக்கரவர்த்தியின் சட்டம். செல்மானுக்கு மூன்று மகன்கள் இருக்கிறார்கள். எண்ணத் தெரிந்தவர்கள் எண்ணிப் பார்த்து எனக்குப் பதில் சொல்லுங்கள்.”

“பட்டியலில் முத்திரை வைத்தாகிவிட்டது,” என்றார் செல்மான். ஒரு கை இன்னும் மேலங்கியைப் பிடித்துக்கொண்டிருந்தது. “இனி என்னால் ஒன்றும் செய்ய முடியாது.”

“அப்படியானால் வாசிப்பு இல்லை,” என்றான் புரோயிம். “இருப்போம். நிற்பதற்கு இன்று நன்றாகப் பழகிவிட்டது.”

யாரும் வீட்டுக்குப் போகவில்லை. நண்பகல் தாண்டியது. நிழல் நீள ஆரம்பித்தபோது செல்மான் எழுந்து, ஆன்ஷெலின் பெயர் எடுக்கப்படும் என்று சபை முன்னால் சொன்னார். அவர் மகன்களில் யாரும் போகவில்லை. இந்த வருஷம் மூன்று பேர் போதும் என்று அதிகாரியை ஒத்துக்கொள்ள வைக்க ஒரு வழி இருந்தது. அப்படி ஒரு வழி இருப்பது அதுவரை ஊரில் யாருக்கும் சொல்லப்படவில்லை.

ஞாயிறு காலை வண்டி வந்தது. மற்ற மூவரையும் ஏற்றிக்கொண்டு போனது. ஒருவன் தண்ணீர் சுமப்பவன். இரண்டு பேர் அநாதைகள். அவர்களுக்காக மாடியின் கைப்பிடிச் சட்டத்தில் அடிக்க ஒரு கை இல்லை.

ரபியின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை.

பத்து நாள் கழித்து அஸ்ரியேல் அவர் வீட்டுக்கு வந்தான். ரபி உருளைக்கிழங்குப் பெட்டி ஒன்றில் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். முழங்காலில் துணி சுற்றியிருந்தது. அவன் புத்தகங்களை எடுத்து எடுத்துக் கொடுத்தான்.

“ஆன்ஷெல் நேற்று எங்கள் தெருவில் கண்ணாடி போட்டுக்கொண்டிருந்தான்,” என்றான்.

“நல்லது.”

“நீங்கள் நின்றதால்தான், ரபி.”

“மூன்று பேர் போய்விட்டார்கள், அஸ்ரியேல்.”

சற்று நேரம் இருவரும் புத்தகம் அடுக்கினார்கள்.

“அவ்வளவு நேரம் என்ன ஜெபித்தீர்கள்?”

“எல்லோரும் முடித்தபோது நானும் முடித்துவிட்டேன்.”

“அதற்குப் பிறகு?”

“அதற்குப் பிறகு முழங்கால் வலித்தது.”

அஸ்ரியேல் ஒரு புத்தகத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

“வெள்ளிக்கிழமை அந்தக் கோழியைக் கொடுக்கப் போனபோது நான்...”

“தெரியும்.”

“எப்போதிலிருந்து?”

“கதவைப் பார்த்ததிலிருந்து. அந்தப் புத்தகத்தைக் கொடு, அது அடியில் போக வேண்டியது.”

கொடுத்தான். பிறகு சட்டைக்குள்ளிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தான்.

“ரபி பதவியை எனக்குத் தருகிறார்கள். ஒப்பந்தம். நாளைக்குள் பதில் சொல்ல வேண்டும்.”

“படி.”

படித்தான். வழக்கமான விதிகள்தான். கடைசியில் புதிதாக ஒன்று சேர்த்திருந்தார்கள். நின்று சொல்லும் ஜெபத்துக்கு ரபி கால் மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளக் கூடாது. எடுத்துக்கொண்டால் சபை அவருக்காகக் காத்திருக்காது.

ரபி சிரித்தார். அந்த வாரங்களில் அவர் சிரித்தது அப்போதுதான்.

“கால் மணி நேரம் விட்டிருக்கிறார்களே, தாராளம்தான்.”

“அடுத்த வருஷமும் பட்டியல் வரும், ரபி. இவர்கள்தான் எழுதுவார்கள். நான் என்ன செய்ய முடியும்? இருந்த ஒரு வழியையும் அடைத்துவிட்டார்கள்.”

“அது நான் போன வழி. அதைத்தான் அடைத்திருக்கிறார்கள்.”

“எனக்கு வேறு வழி தெரியாது. அது அவர்களுக்கும் தெரியும். அதனால்தான் என்னைக் கூப்பிடுகிறார்கள். சாவி கேட்டதைக்கூட, பிரச்சினையைச் சாமர்த்தியமாக முடித்து வைத்தேன் என்றுதான் செல்மான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஒரு வேளை அது அப்படித்தானோ என்னவோ. எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை, ரபி. அவர்கள் என்னைச் சரியாக அளந்துதான் வைத்திருக்கிறார்கள்.”

ரபி பெட்டியின் மூடியைச் சாத்தினார். கயிற்றின் ஒரு முனையை அவன் கையில் கொடுத்து, மறுமுனையைத் தான் இழுத்து இறுக்கினார்.

“வெள்ளிக்கிழமை அந்த வீட்டுக்குப் போனவனை அவர்கள் அளந்திருக்கிறார்கள்,” என்றார். “சனிக்கிழமை வாயைத் திறந்தவனை உனக்கே இன்னும் தெரியாது.”